தாகேர் தெருப் பட்டறை

பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' எப்படிப் பிறந்தது என்று கேட்டால் வழக்கமாக ஒரே கதைதான் சொல்லப்படும். 'கையே து சினிமா' இதழின் இளம் விமர்சகர்கள் மூத்த இயக்குநர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1954 ஜனவரியில் வந்த த்ரூஃபோவின் கட்டுரை அதன் உச்சம். பிறகு அவர்களே கேமராவை எடுத்தார்கள். 1959இல் 'நானூறு அடிகள்', 1960இல் கோதாரின் 'மூச்சுத் திணறல்'. ரசனைக்காக நடந்த சண்டை, ரசனையில் வென்றவர்கள் என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. த்ரூஃபோவின் கட்டுரை வந்த அதே ஆண்டின் கோடையில், அந்த விமர்சகர் கூட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவே படங்கள் பார்த்திருந்த இருபத்தாறு வயதுப் புகைப்படக்காரர் ஒருவர், தென்கடலோர மீனவர் குப்பத்தில் தன் முதல் படத்தை எடுத்து முடித்திருந்தார். ஆக்னஸ் வார்தாவை இந்தக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல், பின்னாளில் 'புதிய அலையின் பாட்டி' என்று பட்டம் கொடுத்து ஒதுக்கினார்கள். முப்பது வயதைத் தாண்டியவுடனேயே பாட்டி ஆக்கப்பட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவருடைய வாழ்க்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள ரசனையின் வரலாறு போதாது. தொழிலின் வரலாறு வேண்டும்: யாருக்கு அனுமதி இருந்தது, யாருடைய பணம், எடுத்து முடித்த படம் யார் கையில் தங்கியது என்ற கேள்விகள் வேண்டும்.

அன்றைய பிரான்சில் நினைத்தவர்கள் எல்லாம் படம் எடுத்துவிட முடியாது. 1940இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, விஷி அரசு சினிமாத் தொழிலை ஒரே குழுவின் கீழ் கொண்டுவந்து தொழில் அட்டை முறையைப் புகுத்தியது. யூதர்களைத் தொழிலிலிருந்து விலக்கவும் அந்த அட்டை பயன்பட்டது. விடுதலைக்குப் பின் அந்த அரசியல் போனது, அட்டை போகவில்லை. 1946 அக்டோபரில் உருவான தேசிய சினிமா மையம் அதைத் தொடர்ந்தது. கீழ்நிலை உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, போதுமான படங்களில் வேலை பார்த்த பிறகே ஒருவர் இயக்குநர் அட்டைக்குத் தகுதி பெறுவார். இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே 1946இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தால் ஹாலிவுட் படங்கள் வெள்ளமாக வந்தன. தொழிலாளர்களுக்கு வேலை உத்தரவாதம் தேவைப்பட்டது, தொழிற்சங்கங்கள் அட்டையை ஆதரித்தன. 1948இல் வந்த உதவிச் சட்டம் இன்னொரு கதவையும் சாத்தியது. ஏற்கெனவே படம் எடுத்து வசூல் கண்ட தயாரிப்பாளருக்கு அந்த வசூலின் கணக்கில் அடுத்த படத்துக்கு உதவி. முன்கணக்கே இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. திறமை இருந்தும் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

வார்தா இந்த ஏணியின் பக்கமே போகவில்லை. 1928இல் பிரஸ்ஸல்ஸ் அருகே, கிரேக்கத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர். போரின்போது குடும்பம் தென்பிரான்சின் ஸேத் துறைமுகத்துக்குத் தப்பி வந்து படகில் குடியிருந்தது. பாரிஸில் கலை வரலாறும் புகைப்படமும் கற்று, ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்குக்குப் படம் எடுப்பவராகப் பிழைத்தார். 1951இல் பாரிஸின் பதினான்காம் வட்டாரத்தில், தாகேர் தெருவில், பாழடைந்த இரண்டு கடைகளையும் நடுவே ஒரு முற்றத்தையும் கொண்ட இடத்தில் குடியேறினார். (புகைப்பட முன்னோடியின் பெயர் கொண்ட தெரு, நாவலாசிரியர் இப்படி வைத்திருந்தால் செயற்கை என்போம்.) 1954இல் அந்த முற்றத்திலேயே தன் முதல் புகைப்படக் கண்காட்சியை நடத்தினார். சில வாரங்களில் ஸேத்துக்குப் போய் 'லா புவான்த் கூர்த்' படத்தைத் தொடங்கினார். மீன் பிடிப்பவர்களும் சிப்பி எடுப்பவர்களும் சுகாதார அதிகாரிகளோடு மல்லுக்கட்டும் ஊர்வாழ்க்கை ஒரு பக்கம், மணமுறிவின் விளிம்பில் நிற்கும் தம்பதி இன்னொரு பக்கம் என இரண்டு கதைகள் ஒட்டாமல் மாறி மாறி ஓடும் படம் அது. ஊர் மக்கள் தங்களையே நடித்தார்கள். தம்பதியாக நாடக அரங்கின் சில்வியா மோன்ஃபோரும் ஃபிலிப் நுவாரேயும். செலவு அன்றைய சாதாரணப் படத்தின் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதற்காக 'தமாரிஸ் ஃபிலிம்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் சம்பளத்துக்குப் பதில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். படத்தொகுப்பு ஆலன் ரெனே. சினிமா மையத்தின் அனுமதி இல்லாததால் வழக்கமான வெளியீட்டுக்கு வழியில்லை. விமர்சகர் ஆந்த்ரே பஸானின் முயற்சியால் 1955 கான் விழாச் சமயத்தில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு பாரிஸில் ஸ்தூதியோ பர்னாஸ் என்ற சிறு அரங்கில் ஓடியது.

வார்தா முதல்வர் அல்ல, ழான்-பியேர் மெல்வில் முந்திவிட்டாரே என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். 'கடலின் மௌனம்' படத்தை மெல்வில் 1947இலேயே அட்டையும் அனுமதியும் இல்லாமல் எடுத்தார். பின்பு ழென்னர் தெருவில் சொந்த ஸ்டுடியோவும் கட்டினார். யார் முந்தியவர் என்ற பந்தயத்தில் எனக்கு அக்கறையில்லை. ரசனைக் கட்டுரைகளுக்கு முன்பே தொழிற்கதவு உடைபட்டது என்பதைத்தான் மெல்விலின் உதாரணமும் காட்டுகிறது. விமர்சகர்களும் பின்னர் இதையே செய்தார்கள்: ஷப்ரோலின் முதல் படத்துக்கு மனைவிக்கு வந்த சொத்து உதவியது, படவிநியோகஸ்தரான மாமனார் த்ரூஃபோவுக்குக் கைகொடுத்தார். கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவர்கள் மறந்துவிட்ட குடும்பக் கணக்கு இது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சொந்த நிறுவனம் வார்தாவுக்கு உண்மையில் என்ன செய்தது? முதல் படத்துக்குப் பின் ஏழு ஆண்டுகள் முழுநீளப் படம் எதுவும் இல்லை. சுற்றுலாத் துறைக்காக லுவார் நதிக்கரைக் கோட்டைகளையும் தென்கடற்கரையையும் பற்றிக் குறும்படங்கள் எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் புகழ் தேடித்தந்த 'ஐந்திலிருந்து ஏழு வரை க்ளேயோ' (1962), கோதாரின் முதல் படத்தைத் தயாரித்த ஜார்ஜ் த பொரெகாரின் பணத்தில் உருவானது. 'மகிழ்ச்சி' (1965) மாக் பொதாரின் தயாரிப்பு. லூயி தெல்லுக் பரிசையும் பெர்லினில் வெள்ளிக் கரடியையும் பெற்றது. ஆகவே அவரை வளர்த்தது அடுத்தவர் முதலீடுதானே?

பாதி உண்மை. க்ளேயோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொரெகார் கேட்டது மலிவான கறுப்பு-வெள்ளைப் படம். பயணமோ பெரிய அரங்க அமைப்போ கட்டுப்படியாகாது என்பதால், பாரிஸிலேயே, ஒரே மாலைக்குள், கிட்டத்தட்டக் கடிகாரத்தோடு கூடவே ஓடும் கதையை வார்தா அமைத்தார். புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்கும் பாடகியின் ஒன்றரை மணி நேரம் அது. உலகம் வியந்த அந்த வடிவம் பணக்கட்டுப்பாட்டிலிருந்து முளைத்தது. இருப்பதை வைத்துப் படம் எடுக்க அவர் கற்றுக்கொண்டது ஸேத்தின் கரையில். அடுத்தவர் பணத்தின் எல்லையையும் அவர் விரைவில் பார்த்தார். 1966இல் வந்த 'லே க்ரேயத்யூர்' வசூலில் விழுந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது கொலம்பியா நிறுவனத்தோடு நடந்த பேச்சு, இறுதித் தொகுப்பின் உரிமையை அவர்கள் தர மறுத்ததால் முறிந்தது. படத்தின் கடைசி வடிவத்தைத் தீர்மானிக்கும் அந்த உரிமையை அவர் எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1972இல் மகன் மத்தியூ பிறந்தான். கைக்குழந்தையை விட்டு அதிக தூரம் போக முடியாது. வீட்டு மீட்டரிலிருந்து எண்பது தொண்ணூறு மீட்டர் நீளத்துக்கு மின்கம்பியை இழுத்து, அது எட்டும் தூரத்துக்குள் இருந்த கடைக்காரர்களை மட்டும் படமெடுத்தார்: ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, தையல்காரர், பழைய அத்தர்க்கடை முதியவர்கள். ஜெர்மன் தொலைக்காட்சிக்காக எடுத்த 'தாகேரோடைப்ஸ்' இப்படி உருவானது. அந்தச் சமயத்தில்தான் பழைய நிறுவனம் 'சினே-தமாரிஸ்' என்று புத்துயிர் பெற்றது. அதன் பிறகு அவருடைய பெரும்பாலான படங்கள் அங்கிருந்தே வந்தன. எழுத்து, கணக்கு, தொகுப்பு, விற்பனை எல்லாம் தாகேர் தெருவில், குடியிருந்த வீட்டை ஒட்டியே. சமையலறைக்கும் படத்தொகுப்பு மேசைக்கும் இடையே முற்றம்தான் தூரம்.

அரசுப் பணம் இல்லாமலா இதெல்லாம் நடந்தது என்று கேட்கலாம். இல்லை. 1985இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்ற 'கூரையும் இல்லை, சட்டமும் இல்லை' அரசுத் தொலைக்காட்சியின் பட நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தது. குளிரில் செத்துக் கிடக்கும் நாடோடிப் பெண்ணிலிருந்து தொடங்கும் அந்தக் கடினமான படத்தைப் பிரான்சில் பத்து லட்சம் பேர் அரங்கில் பார்த்தார்கள். பிரான்சில் பொதுப்பணம் தொடாத சுதந்திர சினிமா என்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு. பணம் வெளியிலிருந்து வந்தாலும் படம் வீட்டில் தங்கியது. இங்கே கவனிக்க வேண்டியது இதைத்தான். 1990இல் கணவர் ழாக் தெமி இறந்த பின் அவருடைய படங்களையும் சினே-தமாரிஸ் பேணியது. 'செர்பூர் குடைகள்' மங்கிய வண்ணத்திலிருந்து மீட்கப்பட்டது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி. தோற்றுப்போன 'லே க்ரேயத்யூர்' படத்தின் பழைய பிரதிச் சுருள்களைத் தொங்கவிட்டே சுவர் எழுப்பி 2006இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் குடிசை கட்டினார். அதற்குத் 'தோல்வியின் குடிசை' என்று பெயர். சொந்தத் தோல்வியைச் சொந்தச் சரக்காக வைத்திருப்பவரால்தான் இது முடியும்.

2000இல் எழுபதைத் தாண்டிய வயதில், கையடக்க டிஜிட்டல் கேமராவோடு 'பொறுக்குபவர்களும் நானும்' எடுத்தபோது இந்தப் பட்டறை முழுப் பலனைத் தந்தது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்தியதைப் பொறுக்கும் வழக்கம் பிரான்சில் பழைய சட்டங்களிலேயே இடம்பெற்றது. அங்கிருந்து தொடங்கி, சந்தை முடிந்தபின் காய்கறி பொறுக்குபவர்கள், கோணலான வடிவத்துக்காகக் கொட்டப்படும் உருளைக்கிழங்குகள் என்று படம் போகிறது. வழியில் மனம் போன இடமெல்லாம் வண்டியைத் திருப்பிய படம் இது. முன்கூட்டியே திரைக்கதையைக் கேட்கும் தயாரிப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் இதில் பாதி எடுக்கப்பட்டிருக்காது. விருதுகள் அதன் பிறகுதான் குவிந்தன: 2001இல் கௌரவ சேசார், 2015இல் கானின் கௌரவத் தங்கப் பனை, 2017இல் கௌரவ ஆஸ்கர். அதே ஆண்டு ஜே.ஆர். என்ற இளம் கலைஞரோடு எடுத்த 'முகங்கள், ஊர்கள்' ஆஸ்கர் போட்டிக்குத் தேர்வானபோது அவருக்கு 89 வயது. 2019 மார்ச் 29 அன்று அதே தாகேர் தெரு வீட்டில் இறந்தார்.

இந்தப் பாதையை அவராகத் தேர்ந்தெடுத்தாரா, பெண் என்பதால் தள்ளப்பட்டாரா? ஏணி பெண்களுக்கு முற்றிலும் மூடியிருக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ழாக்லின் ஓத்ரி உதவி இயக்குநராகத் தேய்ந்து, முறைப்படி மேலேறி, 1946இல் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். 'ழிழி', 'ஒலிவியா' உட்பட வெற்றிகரமான பல படங்கள் கொடுத்தார். வார்தா முதல் படத்தைத் தொடங்கியபோது ஓத்ரி அட்டையும் அனுபவமும் பெயரும் உள்ளவர். புதிய அலை விமர்சகர்கள் அவர் எடுத்த வகைப் படங்களைப் பழம்பாணி என்று தள்ளினார்கள். அறுபதுகளுக்குப் பின் வாய்ப்பு குறைந்தது, 1977இல் அவர் இறந்தார். அவருடைய படங்கள் வெவ்வேறு தயாரிப்பாளர்களுக்காக எடுத்தவை. மீட்டெடுத்துத் திரையிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லாததால் நீண்ட காலம் பார்க்கக் கிடைக்காமல் போயின; 'ஒலிவியா' புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் திரும்பி வரவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ரசனையின் தீர்ப்பும் அவருக்கு எதிராக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'லே க்ரேயத்யூர்' மேலும் அப்படியொரு தீர்ப்பு விழுந்தது. அந்தப் படத்துக்கு ஒரு வாரிசு இருந்தது, முகவரி இருந்தது. இன்று வார்தாவின் மகள் ரொசாலியும் மகன் மத்தியூவும் சினே-தமாரிஸை நடத்துகிறார்கள்.