வேளைக்காரர்

நாற்று முதிர்ந்துவிட்டால், "நடவு வேளை தப்பலாகாது" என்று சொல்லிக்கொண்டு விடியுமுன் வயலில் இறங்கும் நமது சீர்காழிச் சீமைக் குடியானவன் வாயில் அன்றாடம் வழங்கும் 'வேளை' என்னும் சொல்லையே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ சைன்யத்தின் வீரர்கள் தமது பெயராகப் பூண்டிருந்தனர். முதலாம் இராஜராஜன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களில், 'நித்தவிநோதத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்றாற்போல், அரசனுடைய விருதுப் பெயரை முன்னே தாங்கிய படைப்பிரிவுகள் பலவற்றை இன்றும் நாம் படிக்கலாம்.

ளகரத்தை லகரமாகப் பிறழ உணர்ந்து இவர்களைக் கூலிக்கு அமர்ந்த ஊழியராகக் கொள்வது பொருந்தாது. ஆபத்து நேர்ந்த வேளையில் அரசனுக்காகப் பிராணனையும் தருவோம் என்று பிரதிக்ஞை செய்தவர் என்பதே சரித்திர ஆசிரியர்கள் பலரும் இப்பெயருக்குக் கூறும் தாத்பர்யமாகும்.

படையின் பெயரில் அதன் பிரகிருதி விளங்குவதற்கு வேறொரு தேசத்து உதாரணமும் உண்டு. நீப்பர், டான் நதிக்கரைப் புல்வெளிகளில் குதிரையேறித் திரிந்த கொசாக்கியரின் பெயர், 'கசாக்' என்னும் துருக்கியச் சொல்லினின்று பிறந்தது. எவருக்கும் கட்டுப்படாத சுதந்திர புருஷன் என்பது அதன் பொருள். அவர்கள் கட்டின்மையால் பெயர் பெற்றனர். நம்மவரோ தாமே விரும்பி ஏற்ற கட்டினால் பெயர் பெற்றனர்.

அக்கட்டும் கண்மூடித்தனமானதாக இருக்கவில்லை. சோழரை 1070இல் இலங்கையினின்று அகற்றிய முதலாம் விஜயபாகு, தன்னிடம் சேவித்த வேளைக்காரரைச் சோழர்மீதே படையெடுக்கப் பணித்தபோது, அவர்கள் மறுத்துக் கலகம் விளைத்தனர். அக்கலகத்தை அவன் கடுமையாக அடக்கினான். ஆயினும், அம்மன்னன் 1110இல் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுவை வைத்திருந்த பள்ளியைக் காக்கும் பொறுப்பு, மொக்கல்லானர் என்னும் மகாஸ்தவிரரின் வேண்டுகோளால், வேளைக்காரரிடமே ஒப்புவிக்கப்பட்டது. பள்ளிக்கு உரிய ஊர்களையும் பொருளையும் பணிமக்களையும், அங்கே சரண் புகுந்தோரையும், தமக்கு அழிவு நேரினும் காப்போம் என்று அவர்கள் தமிழிலேயே கல்லில் வெட்டுவித்து, அப்பள்ளிக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன்' எனத் தமது பெயரையும் சூட்டினர்.

அன்னிய மண்ணில் அன்னிய சமயத்தின் ஆலயத்துக்குத் தமிழ் வீரர் அளித்த அந்த வாக்கைத் தாங்கிய கல், பொலன்னறுவையில் இன்றும் நிற்கிறது.