தெர்மாஸ் என்னும் பெயரின் வழக்கு

வியாபாரப் பெயர்கள் உடையவரின் சுவாதீனத்தை விட்டு நீங்கிய வரலாறுகளை ஆராயுமிடத்து, போட்டியாளரின் சூழ்ச்சியைக் காட்டிலும் உடையவரின் சொற்பிரயோகமே அந்நஷ்டத்துக்குப் பெரிதும் காரணமாயிருந்தமை புலப்படும். அமெரிக்க நீதிமன்றத்தில் தெர்மாஸ் என்ற பெயருக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்றாகும்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் திவார் என்னும் விஞ்ஞானி, திரவமாக்கப்பட்ட வாயுக்களைக் காத்து வைக்கும் பொருட்டு, 1892-இல் இரட்டைச் சுவருள்ள குடுவையொன்றைச் செய்து, சுவர்களின் இடையிலிருந்த காற்றை அகற்றினார். ஆயினும் அதற்குக் காப்புரிமை தேடினாரில்லை. ஜெர்மனியில் கண்ணாடித் தொழிலில் வல்ல ரைன்ஹோல்ட் பர்கர் என்பவர் அதனை வீட்டு உபயோகத்துக்கு ஏற்றதாக்கி, வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த தெர்மாஸ் என்ற பெயரால் 1904-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1907-இல் அமெரிக்காவிலும் அப்பெயர் தாங்கிய கம்பெனி தோன்றிற்று.

அக்கம்பெனியார், தம் பெயர் வீடுதோறும் வழங்கவேண்டுமென்ற ஆசையால், ‘தெர்மாஸ் பாட்டில்’ என்பதையே அப்பொருளின் பெயராக விளம்பரம் செய்தனர். 1910-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில், தெர்மாஸ் வீட்டுச் சொல்லாகிவிட்டதெனப் பெருமிதமும் கொண்டனர். வியாபாரச் சின்னம் என்பது விசேஷணமாய் நின்று, ‘வெற்றிடக் குடுவை’ போன்றதொரு பொதுப்பெயரைத் தழுவி வரவேண்டியது. எவருடைய சரக்கு என்பதை அது உணர்த்தவேண்டுமேயன்றி, என்ன சரக்கு என்பதை உணர்த்தலாகாது. இந்நுட்பத்தை உணர்ந்து, ‘வெற்றிட’ என்னும் பொருளுடைய சொல்லைத் தம் பெயரோடு அவர்கள் சேர்த்து எழுதத் தலைப்பட்டது ஏறத்தாழ 1923-இல்தான். அதற்குள் ஜனங்களின் நாவில் அப்பெயர் பொதுப்பெயராய் வேரூன்றிவிட்டது.

இவ்வழியில் முன்னரே சென்றவை உண்டு. ஆஸ்பிரின் என்பது பொதுஜனங்களுக்கு மருந்தின் பெயரே என்று 1921-இல் நீதிபதி லெர்னட் ஹாண்ட் தீர்ப்பளித்தார். எஸ்கலேட்டர் என்ற சின்னத்தின் பதிவு 1950-இல் ரத்தானபோது, அச்சின்னத்துக்குரிய ஓடிஸ் கம்பெனி தானே அச்சொல்லை எலிவேட்டர் என்ற பொதுச்சொல்லுக்கு இணையாக விளம்பரங்களில் வழங்கியதே அதற்கு விரோதமான சாட்சியமாயிற்று.

தெர்மாஸ் உரிமையைப் பின்னர்ப் பெற்ற கிங்-சீலி கம்பெனி, அலாடின் என்ற போட்டிக் கம்பெனிக்கு எதிராக நடத்திய வழக்கில், வயதுவந்தோரில் நூற்றுக்கு 75 பேர் அக்குடுவையைத் தெர்மாஸ் என்றே அழைப்பதாகவும், அது வியாபாரச் சின்னம் என்றறிந்தோர் சுமார் 12 பேரே என்றும் ஒரு கருத்துக்கணிப்பு காட்டிற்று. அச்சொல் பொதுச்சொல்லாகிவிட்டதென்ற கீழ்நீதிமன்றத்தின் முடிவை மேல்முறையீட்டு மன்றம் 1963-இல் உறுதிசெய்தது.

எனினும், தீர்ப்பின் நிபந்தனைகளே இவ்வரலாற்றில் மிகச் சுவையானவை. அலாடின் கம்பெனி அச்சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தால் தொடங்கியே எழுதவேண்டியிருந்தது. அதன் முன்னர்த் தன் பெயரை ஆறாம் வேற்றுமையில் நிறுத்தி, ‘அலாடினுடைய தெர்மாஸ்’ என்றே வழங்கவேண்டியிருந்தது. ‘அசல்’, ‘உண்மையான’ என்னும் அடைமொழிகளையோ ஒருபோதும் சேர்த்தலாகாதென்று விதிக்கப்பட்டது. எழுத்தும் வேற்றுமையும் அடைமொழியும் இங்ஙனம் நீதிமன்ற ஆணையாயின. இவ்வளவு நுட்பமாக இலக்கணத்தைக் கவனிக்கும் கடமையைப் பழைய கம்பெனியார் 1907-இலேயே மேற்கொண்டிருப்பின், அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு விளம்பரந்தோறும் ஒரு சொல்லை அதிகமாய் அச்சிடும் செலவேயாம்.