கலத்தைக் கண்டவர்கள்: ஒரு புடவை வியாபாரியின் சாட்சியம்

உயிரின் அடிப்படை அலகு கலம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். அதை யார் முதலில் கண்டார், கண்டதை உலகம் எப்படி நம்பியது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வர்த்தகம் படித்துக் கணக்காளனான எனக்கு அந்தக் கதை பிந்தித்தான் கிடைத்தது.

1665 இல் இலண்டனில் ரொபேட் ஹூக் 'மைக்ரோகிராபியா' என்ற நூலை வெளியிட்டார். போத்தல் அடைக்கும் தக்கையைக் கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, தேன்கூடு போன்ற அறைகள் தெரிந்தன. சிற்றறை என்ற பொருளில் அவற்றை 'செல்' என்றார். எண்ணியும் பார்த்தார். அங்குலத்தின் 18 இல் ஒரு பங்கில் ஏறத்தாழ 60 அறைகள். அப்படியானால் ஓர் அங்குல நீளத்தில் 1,080. சதுர அங்குலத்தில் 1,166,400. கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல். ஆனால் அவர் கண்டவை இறந்துபோன கலங்களின் வெறும் சுவர்களே.

உயிருள்ளவற்றைக் கண்டவர் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் புடவை வியாபாரி, அன்ரன் வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் போகாதவர். அன்றைய அறிஞர்களின் மொழியான இலத்தீன் தெரியாது. இளவயதில் அம்ஸ்ரடாமில் ஒரு புடவைக் கடையில் வேலை பழகியவர். தானே தீட்டிய சிறு வில்லை ஒன்றைப் பித்தளைத் தகடுகளுக்கிடையே பொருத்திக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். இன்று எஞ்சியுள்ளவற்றில் சிறந்தது 266 மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது.

மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய, 1676 இல் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சில கிழமைகளின் பின் அந்த நீரில் எண்ணிலடங்காத நுண்ணுயிர்கள் நீந்தின. அவற்றுள் சில பற்றீரியாக்கள் என்று இன்று கருதப்படுகின்றன. தன் தாய்மொழியிலேயே இலண்டன் ரோயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அங்கே பலர் நம்பவில்லை. ஒரு துளி நீரில் இத்தனை உயிர்களா? லீவன்ஹூக் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. மதகுருமார், நொத்தாரிசு உட்பட எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, அவர்கள் கண்டதை எழுத்தில் வாங்கி 1677 இல் அனுப்பினார். எங்கள் தொழிலில் இதைத்தான் சான்று என்போம். சொசைட்டியும் அவர் சொல்லை அப்படியே ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஹூக்கிடம் சோதிக்கச் சொன்னது. முதல் முயற்சிகள் தோற்றன. அவ்வாண்டு நவம்பரில் மிளகு நீரில் ஹூக்கும் அந்த உயிர்களைக் கண்டார், அங்கத்தவர்களுக்கும் காட்டினார். 1680 இல் அந்தப் புடவை வியாபாரி சொசைட்டியின் அங்கத்தவரானார். 1723 இல் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை கடிதம் எழுதினார்.

ஹூக் கண்ட அறையும் லீவன்ஹூக் கண்ட உயிரும் ஒரே விடயம் என்று புரிய மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1838 இல் ஷ்லைடன் தாவரங்களும், 1839 இல் ஷ்வான் விலங்குகளும் கலங்களால் ஆனவை என்றனர். கலத்திலிருந்தே கலம் பிறக்கிறது என்பதை 1855 இல் விர்கோ வலியுறுத்தினார்.

வந்த நாட்டின் மொழி சரளமாக வராததால் பேசத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். லீவன்ஹூக்கின் கடிதங்களை மற்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். பார்த்ததைப் பிழையின்றிக் குறித்துவைத்தவர் அவர். பிள்ளைகள் கலத்தைப் படிக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.