கோஸ் தீவின் சாடியும் நம் கடற்கரையும்



அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஒரு தீவின் பெயர் வருகிறது. மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெற்ற பவுல், நேரே கோஸ் தீவுக்கும், மறுநாள் ரோது தீவுக்கும், பின்பு பத்தாரா பட்டணத்துக்கும் போய்ச் சேர்ந்ததாக லூக்கா எழுதுகிறார். வாசிக்கும்போது அந்தப் பெயரை நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். ஆயினும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழ்கிறவர்கள் அங்கே சற்று நிற்கலாம். கோஸ் தீவின் பெயரால் அழைக்கப்படும் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள், நம் இரு நகரங்களிலிருந்தும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

கோஸ், இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரைக்கு அருகிலுள்ள கிரேக்கத் தீவு. மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹிப்போகிரட்டஸ் பிறந்த இடமும் அதுவே. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது. அப்போது திராட்சக்கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. வசந்தத்தில் துளிர்த்து, மழையில்லாத கோடையின் வெயிலிலும் கடற்காற்றிலும் காய் பழுக்கிறது. ஏசாயாவின் திராட்சத்தோட்டப் பாட்டையும், யோவான் 15-ஆம் அதிகாரத்தின் கொடியையும் முதலில் கேட்டவர்கள் இத்தகைய பருவங்களை அறிந்தவர்கள். கிளை நறுக்குதல் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோஸ் தீவின் மதுவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அதில் கடல்நீர் கலக்கப்பட்டது. அங்கிருந்த ஓர் அடிமை, தனக்கு விதிக்கப்பட்ட அளவை நிரப்பிக் காட்டுவதற்காகக் கடல்நீரை ஊற்றியதிலிருந்து இவ்வழக்கம் பிறந்ததாக, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். கதை உண்மையோ அல்லவோ, அந்த அடிமையின் பயம் எனக்கு உண்மையாகவே தோன்றுகிறது. உப்பு, மது விரைவில் கெடாமல் காத்தது. ஆகவே நெடுந்தூரக் கடற்பயணத்துக்கு அது ஏற்ற சரக்காயிற்று. அதன் புகழ் எவ்வளவு பரவியதென்றால், கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமரான கேட்டோ, இத்தாலியத் திராட்சையைக் கொண்டே கோஸ் மதுவைச் செய்யும் முறையைத் தம் வேளாண்மை நூலில் எழுதினார். மதுவைப் போலவே சாடியின் வடிவமும் பிற இடங்களில் பின்பற்றப்பட்டது. இரண்டு உருளைகளை ஒட்டவைத்தாற்போன்ற கைப்பிடி அதன் அடையாளம். எனவே அரிக்கமேட்டுத் துண்டுகள் ஒவ்வொன்றும் அந்தத் தீவிலேயே வனையப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. கோஸ் வகையைச் சேர்ந்தவை என்பதே சரியான சொல்.

அச்சாடிகள் வந்த வழி நீண்டது. மத்தியதரைக் கடலிலிருந்து அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் தெற்கே. பின்பு ஒட்டகங்களின்மேல் பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகங்களான பெரனிகே, மியோஸ் ஹோர்மோஸ். தம் காலத்தில் மியோஸ் ஹோர்மோசிலிருந்து இந்தியாவை நோக்கி 120 கப்பல்கள் சென்றதாக ஸ்ட்ராபோ கூறுகிறார். அவை ஜூலை மாதத்தில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கரையை அடைந்தன. சோழமண்டலக் கரைக்குச் சரக்கைக் கொண்டுவந்ததில் உள்நாட்டுக் கப்பல்களுக்கும் பங்கு உண்டு. ஒரு பெயரறியாத வணிகர் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூல், முசிறிக்கு வந்த பொருள்களில் மதுவையும் குறிப்பிட்டு, அது அதிகமில்லை என்கிறது. அதே நூல் கீழைக்கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் மூன்றைச் சொல்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடு என்றும், சோபத்மா என்பது மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர் கசால், அதன்பின் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் பணியைத் தொடர்ந்தனர். சாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் எலிசபெத் லைடிங் வில் என்னும் அம்மையார். மது, எண்ணெய், மீன்சாறு ஆகிய மூன்றும் சாடிகளில் வந்திருக்கின்றன. அவற்றுள் மதுச்சாடிகளே மிகுதி.

யார் குடித்தார்கள்? இங்கே தங்கியிருந்த யவன வணிகர் ஒரு பகுதியைக் குடித்திருப்பார்கள். மற்றதற்குப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் விடை தருகிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் அதில் பாடுகிறார். அரசரின் கைக்கு எட்டிய பானம் அது. கடற்கரைக் குடிகளின் கைக்கு அது எட்டியிருக்குமா என்பது ஐயமே.

அக்குடிகளைக் காண நாம் திண்டிவனத்துக்கே வரலாம். நகரை ஒட்டிய கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மா நாட்டின் தலைநகர். அதன் அரசன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் பாணனை எயிற்பட்டினத்தின் வழியாக அனுப்புகிறார். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணப் பகுதி என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே அலை ஒதுக்கிய நறுமண மரங்களை விறகாக்கித் தீமூட்டி, நுளையர் மகள் வடித்த தேறலைப் பரதவர் பாணனுக்குக் கொடுக்கின்றனர். சுட்ட மீனும் உடன் கிடைக்கிறது. கிரேக்கக் கப்பல்கள் வந்துபோன காலத்துத் துறைமுகம்தான். ஆயினும் விருந்தாளிக்குக் கொடுக்கப்பட்டது உள்ளூர்ப் பெண்ணின் கைப்பானமே.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது இலக்கிய இன்பத்தோடு நின்றுவிட என்னால் இயலவில்லை. 2023 மே மாதத்தில், இதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலுக்குப் போகும் குடும்பங்களின் ஊர் அது. விருந்தோம்பலுக்காக வடித்த தேறலுக்கும், ஆலைகளுக்கு உரிய நச்சுப்பொருளைப் பாக்கெட்டில் அடைத்து ஏழையிடம் விற்பதற்கும் பெயரளவில்தான் உறவு. மதுவின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இவ்வூரின் விதவைகளை விட்டுவிட்டுப் பேசலாகாது.

கொடியை ஏன் இங்கே நடவில்லை என்று நம் வாலிபர் சிலர் கேட்டதுண்டு. நம் கரையில் குளிர்காலம் இல்லை. கொடி உறங்குவதே இல்லை. பழம் முற்றும் வேளையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குலைகள் அழுகிவிடும். கடலோரத்து உப்பு மண்ணும் அதற்கு ஏற்றதன்று. பனைக்கு இவை ஒன்றும் தடையல்ல. தமிழகத்தில் திராட்சை செழிப்பது, மேற்குத்தொடர்ச்சி மலையடியிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில்தான். குளிர் செய்யவேண்டிய வேலையை அங்கே விவசாயியின் கத்தரிக்கோல் செய்கிறது. கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் அறுவடை பெறுகிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அரிக்கமேட்டுச் சாடிகளை ஆதிகாலக் கிறிஸ்தவத்தின் சான்றாகக் காட்டும் செய்திகள் கைப்பேசிகளில் சுற்றிவருகின்றன. தயவுசெய்து அவற்றை மற்றவர்களுக்கு அனுப்பாதிருங்கள். கோஸ் வகைச் சாடிகளில் சில, ஆண்டவர் பிறப்பதற்கு முன்பே இக்கரைக்கு வந்துவிட்டவை. அவை வணிகரின் சரக்கு. பவுல் ஏறிய கப்பல் கோஸில் தங்கிய அந்த இரவில், துறைமுகத்தில் இத்தகைய சாடிகள் அடுக்கப்பட்டிருந்திருக்கும் என்று எண்ணிப்பார்ப்பதற்கு மட்டும் இடமுண்டு.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள், பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கைப்பிடிகளைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.