ஸ்டீஃபன்ஸ் தீவின் பூனையும் பறக்க இயலாத ரென் பறவையும்

நியூசிலாந்தின் வடதீவையும் தென்தீவையும் பிரிக்கும் குக் நீரிணையின் மேற்கு வாயிலில், தென்தீவின் மார்ல்பரோ கடற்கரையை அடுத்து, ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட ஸ்டீஃபன்ஸ் தீவு அமைந்துள்ளது. கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து 283 மீட்டர் உயரத்தை எட்டும் இத்தீவுக்கு, பிரித்தானியக் கடற்படை நிர்வாகத்தின் செயலாளராக இருந்த ஃபிலிப் ஸ்டீஃபன்ஸின் பெயரை 1770-இல் ஜேம்ஸ் குக் சூட்டினார். கலங்கரை விளக்கக் காப்பாளர் ஒருவர் வளர்த்த பூனை, அறிவியல் அறியாத ஒரு பறவையினத்தைத் தானே கண்டுபிடித்துத் தானே அழித்தும் விட்டது என்னும் கதையால் இத்தீவு உலகெங்கும் பேசப்படுகிறது. டிபிள்ஸ் என்று பெயரிடப்பட்டுப் பிற்காலத்தில் பலமுறை திருப்பிச் சொல்லப்பட்ட அந்தப் பூனைக் கதையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 1894-க்கும் 1925-க்கும் இடையில் அங்கு நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒரு பறவையினத்தின் முடிவை ஒரு பூனையின் தலைமேல் மட்டும் சுமத்துவது வரலாற்றைச் சுருக்கிவிடுவதாகும் என்பது விளங்கும்.

அப்பறவை, நியூசிலாந்து ரென்கள் எனப்படும் மிகத் தொன்மையான குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் ரென் பறவையைப் போல உருவில் சிறியனவாகவும் குட்டை வாலுடையனவாகவும் இருப்பதால் குடியேறிகள் அப்பெயரை இட்டனரேயன்றி, இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகளே இல்லாதிருந்த நியூசிலாந்தில், தரையில் இரை தேடும் பறவைகளுக்குப் பறந்து தப்பவேண்டிய தேவை குறைவாக இருந்தது; இதனால் பல இனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பறக்கும் ஆற்றலை இழந்தன. கிளைகளைப் பற்றி அமரும் கால்களைக் கொண்ட குருவி வரிசைப் பறவைகளில் பறக்க இயலாதவை மிக அரியவை. ஸ்டீஃபன்ஸ் தீவின் ரென் அவற்றுள் ஒன்று.

இப்பறவை தொடக்கத்திலிருந்தே இச்சிறு தீவுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. இரவில் வேட்டையாடிய சிரிக்கும் ஆந்தை தன் இரையின் எலும்புகளைக் கக்கிக் குவித்துவைத்த குகைகளிலும் பாறையிடுக்குகளிலும் இந்த ரென்னின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை வடதீவு, தென்தீவு ஆகிய இரண்டிலும் பரவலாகக் காணப்படுவதால், ஒருகாலத்தில் நாடெங்கும் இப்பறவை வாழ்ந்தது உறுதியாகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பாலினீசியக் குடியேறிகளின் படகுகளில் வந்து சேர்ந்த கியோரே என்னும் எலி, தரையில் கூடு கட்டிய பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியதே பெருநிலப்பரப்பில் இது மறைந்ததற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அந்த எலி ஸ்டீஃபன்ஸ் தீவை எட்டவில்லை. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு எஞ்சியிருந்தவை, நாடெங்கும் பரவியிருந்த ஓர் இனத்தின் கடைசிக் குடிகள் எனலாம்.

குக் நீரிணையில் கப்பல் போக்குவரத்து பெருகியதையடுத்து அரசு இத்தீவில் கலங்கரை விளக்கம் ஒன்றை எழுப்பியது. 1894 ஜனவரி 29 அன்று அதன் விளக்கு முதன்முறையாக ஏற்றப்பட்டது. காப்பாளர் குடும்பங்கள் அங்கேயே தங்கி வாழவேண்டியிருந்ததால் வீடுகள் கட்டப்பட்டன, மேய்ச்சலுக்காகக் காடு வெட்டப்பட்டது, கால்நடைகள் கொண்டுவரப்பட்டன. அக்காலத்துக் குடியிருப்புகளின் வழக்கப்படி பூனையும் வந்து சேர்ந்தது. துணைக் காப்பாளர்களுள் ஒருவரான டேவிட் லயால் இயற்கையில் ஆர்வம் உள்ளவராதலால், பூனை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட சிறு பறவைகள் தாம் அறிந்த எவ்வினத்தோடும் ஒத்திராததைக் கவனித்தார். பசியில்லாதபோதும் வேட்டையாடுவதும், பிடித்த இரையை வீட்டுக்குக் கொண்டுவருவதும் வீட்டுப்பூனையின் இயல்பு. அந்த இயல்புதான் இப்பறவையை அறிவியலின் கண்ணில் படவைத்தது. லயால் அதை உயிருடன் கண்டது மிகச் சில தடவைகளே; அந்தி சாயும் வேளையில் பாறைகளிடையே சுண்டெலியைப் போல விரைந்தோடி மறைந்தது என்றும் பறக்கவே இல்லை என்றும் அவர் தெரிவித்தார். அப்பறவையின் வாழ்வைப் பற்றி நேரில் கண்டவர் தந்த செய்தி ஏறத்தாழ இவ்வளவே.

தீவுக்குப் பொருள்களைக் கொண்டுவந்த ஹினமோவா என்னும் அரசு நீராவிக் கப்பலின் பொறியாளர் ஒருவர் வழியாக, 1894-இன் நடுப்பகுதியில் ஒரு பறவையின் உடல், நியூசிலாந்துப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய வால்டர் புல்லரின் கைக்கு வந்தது. அது புதிய இனம் என்று உடனே உணர்ந்த அவர், விவரிப்பையும் ஓவியத்தையும் வெளியிடும்பொருட்டு அதை லண்டனுக்கு அனுப்பினார். அதற்குள், இயற்கைப் பொருள்களை வாங்கி விற்றுவந்த ஹென்றி டிராவர்ஸ் என்பவர் லயாலிடமிருந்து மேலும் பல உடல்களைப் பெற்று, அவற்றுள் ஒன்பதை இங்கிலாந்தின் டிரிங் நகரில் தமக்கென அருங்காட்சியகமே நடத்திவந்த செல்வர் வால்டர் ராத்சைல்டுக்கு விற்றார். புதிய இனத்தின் விவரிப்பை முதலில் அச்சில் வெளியிட்டவர் இட்ட பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் பெயரீட்டின் விதி. இதற்கு முன்னுரிமை விதி என்று பெயர். ராத்சைல்டு 1894 டிசம்பரில் டிராவர்ஸியா லயாலை என்னும் பெயரை வெளியிட்டு முந்திக்கொண்டார். புல்லர் இட்ட பெயர் 1895-இல் அச்சேறியபோது காலம் கடந்திருந்தது. இவ்வாறு பறவையின் பேரினப் பெயர் வணிகரையும் சிற்றினப் பெயர் காப்பாளரையும் குறிக்கலாயிற்று. பெயருரிமை குறித்து அறிஞர் இருவர் மனக்கசப்புற்றிருந்த அதே மாதங்களில் தீவில் பறவை குறைந்துகொண்டிருந்தது.

அதன் காரணத்தை லயாலே அறிந்திருந்தார். பூனைகள் வீட்டை விட்டகன்று காட்டில் திரியத் தொடங்கிவிட்டன என்றும், எல்லாப் பறவைகளுக்கும் பெருங்கேடு விளைவிக்கின்றன என்றும் அவர் 1895-இன் தொடக்கத்தில் புல்லருக்கு எழுதினார். அவர் ஒருமையில் அன்றிப் பன்மையில் எழுதினார் என்பதே இங்கு கருதத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் நகரின் தி பிரஸ் நாளேடு, இப்பறவை தீவில் இனி இல்லையென நம்ப இடமுண்டு என்றும், கண்டுபிடிப்புக்கும் அழிவுக்கும் இடையே இத்துணைக் குறுகிய காலம் முன்னெப்போதும் இருந்திராது என்றும் எழுதியது. 1899-இல் அப்போதைய காப்பாளர், பத்து மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பூனைகளைச் சுட்டுக் கொன்றதாக அறிவித்தார். ஐந்தே ஆண்டுகளில் ஒரு வீட்டின் செல்லப் பிராணி ஒரு சிறு தீவை நிரப்பும் கூட்டமாக மாறியிருந்ததை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

நியூசிலாந்து ஆய்வாளர்களான ராஸ் கால்பிரெத், டெரெக் பிரவுன் ஆகிய இருவரும் அக்காலக் கடிதங்களையும் பதிவுகளையும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரை, ஒற்றைப் பூனைக் கதையைத் திருத்தியமைத்தது. கருவுற்ற பூனையொன்று தீவுக்கு வந்து அதன் வழித்தோன்றல்கள் காட்டில் பெருகியதும், அருங்காட்சியகங்களுக்காகவும் தனியார் சேகரிப்புகளுக்காகவும் பறவைகளுக்கு விலை கிடைத்ததும், வாழிடமான காடு வெட்டப்பட்டதும் ஒருசேர நோக்கப்படும்போதுதான் இவ்வழிவின் முழு வடிவம் கிட்டுகிறது. எனினும் இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. பாடம் செய்யப்பட்ட நிலையில் இன்று உலகில் உள்ள இப்பறவையின் உடல்கள் ஏறத்தாழ பதினைந்தே. அவற்றுள் பெரும்பாலானவை பூனையின் வாயிலிருந்து வந்தவை. காட்டழிப்பின் பெரும்பகுதி பறவை மறைந்த பின்னரே நிகழ்ந்தது. எனவே அழிவின் நேரடிக் கருவி பூனைகளே. அவற்றைத் தரையிறக்கியதும், பெருகும்வரை தடுக்காமல் விட்டதும் மனிதரின் செயல்.

ரென்னோடு மட்டும் இழப்பு நிற்கவில்லை. தீவில் வாழ்ந்த பியோபியோ என்னும் பாடும் பறவையும் சில ஆண்டுகளில் அங்கிருந்து மறைந்தது. பூனைகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டது 1925-இல்தான். பல்லியைப் போலத் தோன்றினும் தனியொரு ஊர்வன வரிசைக்கு உரியதான துவாட்டரா, கடற்பறவைகள் தோண்டிய வளைகளில் பதுங்கித் தப்பியது. உலகிலேயே மிகுதியான துவாட்டராக்கள் இன்று வாழ்வது இத்தீவில்தான். மிகச் சிறிய பரப்பில் கற்குவியலுக்குள் ஒடுங்கி வாழ்ந்த ஹாமில்டன் தவளையும் பிழைத்துக்கொண்டது. இவை எஞ்சியதற்கு உயிரிகளின் பழக்கமும் பாறைகளின் அமைப்புமே காரணமாயின. திட்டமிட்ட பாதுகாப்பு பின்னரே வந்தது.

1989-இல் விளக்கு தானியங்கியாக்கப்பட்டபின் காப்பாளர் குடும்பங்களின் காலம் முடிவுற்றது. இன்று இத்தீவு இயற்கைக் காப்பகம், அனுமதியின்றி எவரும் அங்கு இறங்க இயலாது. விளக்கு ஏற்றப்பட்ட ஆண்டில் கட்டடம், எண்ணெய், உணவு, கால்நடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்த நிர்வாகம், தீவுக்குப் பூனை கொண்டுவரலாகாது என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தால், அந்த ரென் அருங்காட்சியகப் பேழைக்கு வெளியேயும் இன்று இருந்திருக்கக்கூடும். வீட்டுப்பூனைக்கும் காட்டுயிருக்கும் இடையிலான மோதலில் தீர்ப்பு எழுதப்படுவது வேட்டையின்போதல்ல. பூனையை எங்கு கொண்டுசெல்வது, எங்கு திரியவிடுவது என்று அதன் உரிமையாளர் முடிவெடுக்கும்போதே ஆகும்.