மின்சாரமில்லாக் காலத்து வகுப்பறை

எமது கல்லூரியின் நூற்றாண்டு வரலாற்றில் கட்டடங்களும் அதிபர்களின் பணிகளும் பதிவாகியுள்ளன. வகுப்பறைக்குள் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. 1990களில் இங்கு கற்ற நாம் அறிந்த சிலவற்றை இம்மலரில் பதிகின்றோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைப்பொருளாயிற்று, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்ட விளக்கில் இரவில் படித்தோம்.

ஒருநாள் பௌதிகவியல் ரீச்சர் தமது சைக்கிளை வகுப்புக்குள் உருட்டி வந்தார். சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்பது அக்காலத்தில் வீடுகளில் வழக்கம். "கெதியாச் சுத்தினால் சத்தம் ஏன் கூடுது?" என்று கேட்டு, டைனமோவைக் கழற்றிக் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் காட்டினார். 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைத்தான் நாம் தினமும் வீட்டில் செய்து வந்தோம் என்பது அன்று விளங்கியது.

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீற்றர். விலங்கியல் ரீச்சர் பழைய நூற்சேலையொன்றை நீளவாக்கில் முறுக்கி, எம்மில் எட்டுப்பேரைப் பிடிக்க வைத்தார். "இனி இதைக் கடகத்துக்குள்ள அடுக்குங்கோ பிள்ளையள்" என்றார். பின்னர் பூந்துவாயின் நூல் வளையங்களைக் காட்டி, சடைமுளைகள் எவ்வாறு அகத்துறிஞ்சும் பரப்பைக் கூட்டுகின்றன என்று விளக்கினார்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் மாமர நிழலில் வகுப்பு மீண்டும் கூடியபோது, இடாப்பில் பல பெயர்களுக்குப் பதில் வரவில்லை. கரும்பலகையும் இல்லை. ரீச்சர் தடியொன்றால் மண்ணில் இதயத்தின் நான்கு அறைகளைக் கீறி, எம்மையே குருதியாக நடக்கவிட்டார். வலது சோணையறையில் நுழைந்தவள் வலது இதயவறையைக் கடந்து, நுரையீரலாகிய மாமரத்தைச் சுற்றி, இடப்பக்கம் வரவேண்டும். பின்னோக்கி நடந்தவளை வால்வுகளாக நின்ற இருவர் மறித்தனர். இடம்பெயர்ந்தபின் நாம் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

எல்லாப் பாடங்களும் அவ்வாறு நடந்தனவல்ல. பரீட்சைக்குக் குறிப்பெழுதிய நாட்களே அதிகம். ஆயினும் எம்மில் மருத்துவரானோர் இன்று நோயாளருக்கு இதயத்தை விளக்கும்போது நினைவில் எழுவது அந்த மாமரந்தான்.

இல்லாமையைப் போற்ற நாம் இதை எழுதவில்லை. நல்ல ஆய்வுகூடம் இருந்திருந்தால் அந்த ஆசிரியைகள் இன்னும் எவ்வளவோ செய்திருப்பர். இன்று எமது வகுப்பறைகளில் மின்சாரமும் கணினியும் உண்டு. ஆனால் ரியூசன் குறிப்பை மனனஞ் செய்த பிள்ளைகள் பாடவேளையில் களைத்திருக்கின்றனர். அவர்களை எழுப்பும் கேள்வி ஆசிரியையிடமிருந்துதான் வரவேண்டும்.

அக்கால ஆசிரியைகள் முதுமை எய்திவிட்டனர். ஒவ்வொரு வகுப்பினரும் தாம் மறவாத ஒரு பாடத்தை எழுதிக் கல்லூரி நூலகத்தில் சேர்ப்போமானால், இளம் ஆசிரியைகளுக்கு அது பயன்படும். பழைய மாணவிகளாகிய நாம் இந்நூற்றாண்டில் செலுத்தக்கூடிய குருதட்சணை அதுவே.