குருதியில் எழுதிய வரலாறு

நோய் நீங்கிய பின்னும் அதன் சுவடு குருதியில் நிலைத்திருக்கிறது. நோயை எதிர்க்க நம் உடல் ஆக்கும் எதிர்ப்பொருள்களே அச்சுவடு. இவற்றை இம்யூனோகுளோபுலின்கள் என்பர். இச்சுவட்டைப் படிக்கும் கலை நம் நாட்டில் சிறந்து வளர்ந்த இடங்களுள் ஒன்று புனே.

ஆகுர்டி, பிம்ப்ரி முதலிய தொழிலூர்களை அருகில் கொண்ட அந்நகரில் 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையம் தோன்றியது. 1978-இல் அது தேசிய வைரஸ் ஆய்வு நிலையமாயிற்று. தொடக்க நாளில் எதிர்ப்பொருளைக் கண்டறிய உயிருள்ள வைரசையும் சுண்டெலிகளையும் நாட வேண்டியிருந்தது.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் புதுவழி கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் உயிரணு விரைவில் மடிவது. புற்று உயிரணுவோ ஓயாது பெருகுவது. இரண்டையும் அவர்கள் இணைத்தனர். அக்கலப்பின் ஒற்றை உயிரணு வழிவந்தவை ஒரே வகை எதிர்ப்பொருளை வற்றாது தந்தன. மனித இம்யூனோகுளோபுலினையே தேடிப் பற்றும் எதிர்ப்பொருளையும் இவ்வாறு ஆக்கலாம். அதனுடன் நொதி ஒன்றைப் பிணைத்தால், பற்றிய இடத்தில் நிறம் தோன்றும்.

எதிர்ப்பொருளைக் கொண்டே எதிர்ப்பொருளைத் தேடும் இம்முறையில் புனே நிலையம் டெங்குச் சோதனைத் தொகுதிகளை ஆக்கியது. 2020 மே மாதத்தில் ‘கோவிட் கவச்’ என்பதையும் அளித்தது. அதன் துணையோடு அம்மாதமும் அடுத்த மாதமும் 21 மாநிலங்களில் 28,000 பேரின் குருதி ஆராயப்பட்டது. தொற்றுற்றோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவே. எனினும், பதிவான ஒரு நோயாளிக்கு எண்பதுக்கு மேற்பட்ட தொற்றுகள் நிகழ்ந்திருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். மருத்துவமனைப் பதிவேடு காணாத அம்மக்களை நாம் அறிந்தது குருதியின் சான்றாலன்றோ!